அந்தப் பாத்திரம் அவங்களோடதே இல்லைன்னா அப்புறம் எதுக்குங்க மியூசியம்?

நீங்க எழுதினதை நான் புரிஞ்சுக்கிட்ட விதத்துல முதல்ல சொல்லிடறேன். நியூயார்க் போயிருந்தப்ப ஆர்ச்சர்ட் தெரு 97-ம் நம்பர் கட்டடத்துல இருக்கற டெனமென்ட் மியூசியத்துக்குப் போயிருக்கீங்க. அந்தக் காலத்துல கப்பலேறி வந்த ஏழை ஜனங்க வாடகைக்கு இருந்த அடுக்குமாடி அது. கையில கேமராவோட ஆசையா உள்ள போனா, கைடு அம்மா அடுப்பு மேல இருந்த பாத்திரத்தைக் காட்டி "இது இந்தக் குடும்பத்தோடது இல்ல, அதே காலத்து சாமான், வெளியில இருந்து கொண்டுவந்து வச்சிருக்கோம்"னு சொல்லிட்டாங்க, உங்களுக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. காசும் குடுத்து, டூப்ளிகேட் சாமானைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்னு கேக்கறீங்க. அதோட கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க: சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்ல கடை வச்சிருந்த உங்க பெரிய தாத்தாவோட தகரப்பெட்டி ஒண்ணு ஊர்ல பரண் மேல கிடக்கு, வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்க, பெட்டியை எடைக்குப் போட்டுடலாமான்னு. எனக்கென்னமோ நீங்க நிஜமா கேக்க வந்தது அந்தக் கடைசி வரிதான்னு தோணுது, நியூயார்க் கதை அதுக்கு முன்னுரை மாதிரி. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான், ஆனா கொஞ்சம் சுத்தி வந்துதான் சொல்ல முடியும், பொறுத்துக்கோங்க.

நான் பதினாறு வருஷமா மியூசியத்துல பதிவு வேலை பாக்கறேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள அழகா அடுக்கற வேலை இல்லைங்க, அது வேற ஆளுங்க. ஒரு பொருள் வாசல்ல வந்து இறங்கினா அதுக்கு நம்பர் போட்டு, யார் குடுத்தா, அவங்க கைக்கு எப்படி வந்துச்சு, எதுக்குப் பயன்படுத்தினாங்க, எங்க உடைஞ்சிருக்குன்னு ஒரு தாள்ல எழுதி வைக்கிற குமாஸ்தா வேலை. நான் இருக்கறது தென்கிழக்காசியாவுல ஒரு சின்ன சமூக மியூசியம், பேர் வேண்டாம். ஆர்ச்சர்ட் தெருவுல நான் வேலை பாத்ததில்ல, டிக்கெட் வாங்கிட்டுப் போன ஆள்தான், மூணு தடவை போயிருக்கேன். அங்க சுத்திப் பாத்ததும், அவங்களே வெளியிட்டதைப் படிச்சதும், கூட என் தொழில்ல பட்டதும், அவ்ளோதான் என் சரக்கு.

முதல்ல அந்தக் கட்டடத்துல எது சந்தேகமே இல்லாத நிஜம்னு பாத்துடுவோம். பிரஷ்யாவுல இருந்து வந்த லூக்காஸ் கிளாக்னர்னு ஒரு தையல்காரர் 1863-ல கட்ட ஆரம்பிச்சது அது, அஞ்சு மாடி, கீழ சாராயக்கடை. ஒரு மாடிக்கு நாலு வீடு, ஒவ்வொண்ணும் மூணு ரூம், மூணும் சேந்து சுமார் 325 சதுர அடி, நம்ம ஊர் கணக்குல ஒரு நல்ல ஹால் சைஸ் கூட கிடையாது, அதுல ஏழு பேர் எட்டு பேர். தெரு பக்கமோ கொல்லைப் பக்கமோ இருக்கற ஒரு ரூமுக்குத்தான் நேரா வெளிச்சம் வரும், உள் ரூம் ரெண்டும் இருட்டு. கட்டினப்போ வீட்டுக்குள்ள தண்ணியும் இல்ல கக்கூசும் இல்ல, ரெண்டுக்கும் கொல்லைக்குத்தான் இறங்கி வரணும், நாலாவது மாடியில இருக்கற கர்ப்பிணியா இருந்தாலும் அதான் கதி. 1901-ல டெனமென்ட் வீடுகளுக்குன்னு ஒரு கறாரான சட்டம் வந்தப்புறம்தான் 1905 வாக்குல மாடிக்கு ரெண்டு கக்கூஸ் உள்ள வந்துச்சு, அதையும் நாலு குடும்பம் பங்கு போட்டுக்கணும். 1863-ல இருந்து 1935 வரைக்கும் ஏறக்குறைய 7,000 பேர், இருபதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரங்க, அங்க வந்து தங்கிட்டுப் போயிருக்காங்க. 1935-ல மாடிப்படியைத் தீப்பிடிக்காத மாதிரி மாத்தணும்னு சட்டம் நெருக்கினப்போ, செலவு பண்ண விரும்பாத வீட்டுக்காரர் குடித்தனக்காரங்களைக் காலி பண்ணிட்டு மேல் மாடியெல்லாம் மூடிட்டாரு, கீழ கடை மட்டும் ஓடிச்சு. நீங்க பாக்கற மியூசியத்துக்கு விதை அந்தக் கஞ்சத்தனம்தான். 53 வருஷம் யாரும் சுண்ணாம்பு அடிக்கலை, டைல்ஸ் போடலை, சுவரை இடிச்சு பெருசு பண்ணலை. 1988-ல ரூத் ஆப்ராம், அனிதா ஜேகப்சன்னு ரெண்டு பேர், மியூசியம் ஆரம்பிக்க ஒரு கடை அளவு இடம் கிடைச்சாப் போதும்னு தேடிக்கிட்டுப் போனவங்க, அதுல அனிதா பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டு பின்னாடி போனப்போதான் அந்தப் பழைய நடைவழியையும் மரக் கைப்பிடியையும் பாத்து அசந்துபோய் நின்னாங்களாம்.

அதனால அங்க ஒரிஜினல் எதுன்னு கேட்டா சுவர்தான் ஒரிஜினல். நீங்க பாத்திரத்தையே பாத்துக்கிட்டு இருந்ததுல கவனிச்சீங்களோ என்னவோ, சில சுவர்ல வால்பேப்பர் அடுக்கடுக்கா உரிஞ்சு தொங்கும். இருபது அடுக்குக்கும் மேல எண்ணியிருக்காங்க. குடித்தனம் மாற மாற, பழசு மேலயே புதுசை ஒட்டிட்டுப் போயிருக்காங்க. நம்ம ஊர்ல பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சு அடிச்சு சுவர் ஒரு அங்குலம் தடிச்சுப் போயிருக்குமே, அது மாதிரிதான், இங்க ஒவ்வொரு அடுக்கும் ஒரு குடும்பம். தரைப்பலகைக்கு அடியில இருந்து பட்டன், பாட்டில், காகிதத்துண்டுன்னு கிடைச்சதும் ஒரிஜினல்தான். சில வீடுகளைச் சரிபண்ணாமலே, இடிஞ்ச மாதிரியே விட்டு வச்சிருக்காங்க, எனக்கு மத்ததை விட அதுதான் பிடிக்கும். சும்மா நின்னு பாக்கலாம், யாரும் எதையும் விளக்க வேண்டாம்.

அதுக்கு அடுத்த படி, காகிதத்துல இருக்கற நிஜம். நட்டாலி கம்பர்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் யூத அம்மா. புருஷன் ஜூலியஸ் 1874-ல ஒரு நாள் காலையில வேலைக்குன்னு கிளம்பினவர் திரும்பி வரவே இல்ல. நாலு குழந்தை. அதுக்கு முந்தின வருஷம்தான் அமெரிக்காவுல பெரிய பொருளாதார முடக்கம். அந்த அம்மா துணி தைச்சு குடும்பத்தை ஓட்டியிருக்காங்க. இது நமக்கு எப்படித் தெரியும்? அவங்க டைரி எழுதலை, யாரும் அவங்களைப் பத்திப் புஸ்தகம் போடலை. 1883-ல மாமனார் ஊர்ல செத்து 600 டாலர் சொத்து வருது, அதை வாங்கணும்னா புருஷன் இறந்துட்டதா கோர்ட் சொல்லணும். அதுக்காகக் குடுத்த மனுவும் சாட்சியும்தான் நூறு வருஷத்துக்கப்புறம் கிடைச்சுது. ஏழைங்க வரலாறு பெரும்பாலும் இப்படித்தாங்க மிஞ்சும், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, மரணச் சான்றிதழ், வாடகை பாக்கின்னு கஷ்டம் வந்த நாள்ல மட்டும்தான் அவங்க பேரை யாராவது எழுதறாங்க. சந்தோஷமா இருந்த நாளுக்கு ரெக்கார்டே இருக்காது. 1869-ல அதே கட்டடத்துல இருந்த அயர்லாந்துக்காரங்க, மூர் குடும்பம், அவங்க கைக்குழந்தை ஊட்டச்சத்து இல்லாம செத்துப்போனதும் மரணச் சான்றிதழ்ல இருந்துதான் தெரியுது.

மூணாவது படி ஞாபகம். பால்டிசின்னு சிசிலியில இருந்து வந்த குடும்பம் 1935-ல காலி பண்ற வரைக்கும் அங்க இருந்தாங்க. அந்த வீட்டு மக, வயசான காலத்துல வந்து, எங்க எது இருந்துச்சுன்னு சொன்னதை ரெக்கார்ட் பண்ணி, இன்னைக்கும் அந்த ரூம்ல அந்தக் குரலை ஓடவிடறாங்க. ரோகர்ஷெவ்ஸ்கின்னு லித்துவேனியாவுல இருந்து வந்த யூதக் குடும்பம், பையங்க தலையை சோபாவுலயும் காலை நாற்காலியிலயும் வச்சு வரிசையா படுப்பாங்களாம். இதை எந்த சென்சஸ் தாளும் சொல்லாது. அதே சமயம் ஞாபகம் வழுக்கும், அறுபது வருஷம் கழிச்சு சொல்றப்போ சோபா எந்த சுவரோரம் இருந்துச்சுங்கறதுல அண்ணன் ஒண்ணு சொல்வான் தங்கச்சி ஒண்ணு சொல்வா. அதனால என் தாள்ல நான் "இருந்தது"ன்னு எழுத மாட்டேன், "இருந்ததாக மகள் சொன்னார்"னுதான் எழுதுவேன். இந்த ஒரு சொல்லுக்காக மீட்டிங்ல எத்தனை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா, டிசைன் பண்றவங்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, போர்டுல வரி நீளமாயிடுதாம்.

நாலாவதாத்தான் நீங்க கோவப்பட்ட பாத்திரம் வருது. அது அதே காலத்து, அதே மாதிரி வீட்டுல புழங்கின சாமான், அந்தக் குடும்பம் தொட்டது இல்ல. யோசிச்சுப் பாருங்க, குடும்பம் காலி பண்ணிட்டுப் போனா பாத்திரத்தை விட்டுட்டா போவாங்க? ஏழை வீட்டுல பாத்திரம் ஓட்டை விழற வரைக்கும் புழங்கும், ஓட்டை விழுந்தா ஈயம் பூசி இன்னும் பத்து வருஷம் புழங்கும், அப்புறம் பழைய இரும்புக்காரன். ராஜா வீட்டு சாமான் மிஞ்சும், ஏன்னா அதை யாரும் புழங்கலை. அதனால ஒரு ஏழை வீட்டைக் காட்டணும்னா ரெண்டே வழி, காலி ரூமைக் காட்டணும், இல்லைன்னா அதே மாதிரி சாமானைத் தேடிக் கொண்டுவந்து வைக்கணும். ரெண்டாவதைப் பண்ணா அதைச் சொல்லிட்டுப் பண்ணணும். உங்க கைடு சொன்னாங்க பாருங்க, உங்களுக்குச் சப்புன்னு ஆன அந்த நிமிஷத்துலதான் அந்த மியூசியம் தன் வேலையைச் சரியா செஞ்சுச்சு. சொல்லாம விட்டிருந்தா நீங்க சந்தோஷமா போட்டோ எடுத்துட்டு வந்திருப்பீங்க, நானும் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். நம்ம முட்டுக்காடு தட்சிணசித்ரா போயிருக்கீங்களா? அங்க வீடு நிஜம், செட்டிநாட்டு வீட்டைக் கழட்டிக் கொண்டுவந்து ஈசிஆர்ல திரும்ப நிறுத்தியிருக்காங்க, இடம்தான் வேற. ஆர்ச்சர்ட் தெருவுல இடம் நிஜம், சாமான் வேற. எதையாவது ஒண்ணை நகத்தாம எந்த மியூசியமும் கிடையாதுங்க. எதை நகத்தினோம்னு வர்றவங்ககிட்ட சொல்றோமாங்கறதுதான் கேள்வி.

இதுல ஆர்ச்சர்ட் தெரு மியூசியத்துக்கே ஒரு சோதனை வந்துச்சு. 1869 வாக்குல நியூயார்க் நகர டைரக்டரியில, நம்ம டெலிபோன் டைரக்டரி மாதிரி பேர், தொழில், விலாசம் போட்ட புஸ்தகம், அதுல அயர்லாந்து ஜோசப் மூரைத் தேடறப்ப, அதே பக்கத்துல இன்னொரு ஜோசப் மூர். அவரும் ஹோட்டல்ல பரிமாறற வேலை. ஆனா பேருக்குப் பக்கத்துல கறுப்பினத்தவர்ங்கறதுக்கு ஒரு சுருக்கெழுத்து. அயர்லாந்துக்காரருக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்ல, ஏன்னா வெள்ளைக்காரங்களுக்குக் குறிப்பே தேவைப்படலை. பல வருஷமா டூர் வந்தவங்க அந்தப் பக்கத்தைப் பாத்து, இந்த ஆள் யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. கடைசியில அவரைத் தேடிப் போயி, நியூஜெர்சியில இருந்து வந்தவர்னு கண்டுபிடிச்சு, 97-ம் நம்பர்லயே மேல் மாடியில அவரும் அவர் மனைவி ரேச்சலும் இருந்த மாதிரி வீடு ஒண்ணை உருவாக்கி 2023-ல திறந்தாங்க. சிக்கல் என்னன்னா, அவங்க அந்தக் கட்டடத்துல இருந்ததே இல்ல, வேற பேட்டையில இருந்தவங்க. அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துலயோ, கொஞ்சம் தள்ளி 103-லயோ நிஜமா குடியிருந்தவங்க கதையைத்தான் சொல்வோம்ங்கறதுதான் அவங்க பெருமையே. அயர்லாந்து குடும்பத்தை ஓரங்கட்டறாங்கன்னு ஒரு பக்கம் சத்தம், இத்தனை வருஷம் கறுப்பினக் குடும்பம் ஒண்ணு கூட இல்லாம குடியேறிகள் கதை சொன்னதே பித்தலாட்டம்தானேன்னு இன்னொரு பக்கம். என் கருத்தைக் கேட்டா, அவங்க செஞ்சது சரின்னுதான் சொல்வேன், ஆனா முழு மனசோட சொல்ல மாட்டேன். சுவர் நிஜம்ங்கறதுதான் அந்த இடத்தோட பலம், இந்த ஒரு வீட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. நல்லவேளையா அதையும் வாசல்லயே சொல்லிடறாங்க.

மியூசியம்னா எல்லாம் புனிதம்னு நான் சொல்ல வரலை. 2002 வாக்குல இதே மியூசியம், பக்கத்துல 99-ம் நம்பர் கட்டடம் தங்களுக்கு வேணும்னு, அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமா எடுக்கற அதிகாரத்தைப் பயன்படுத்தி வாங்கித் தரச்சொல்லிக் கேட்டாங்க. வீடு காலி பண்ணப்பட்டவங்க கதையைச் சொல்றவங்களே பக்கத்து வீட்டைக் காலி பண்ண வைக்கப் பாத்தாங்கன்னு ஊரே சிரிச்சுது, அந்த முயற்சி பலிக்கலை.

இப்ப இதுக்கு நேர் எதிரான கேஸ் ஒண்ணு, அதே ஊர்ல, நடந்தே போயிடலாம். சைனாடவுன். 1980-ல ஜாக் சென், சார்லி லாய்னு ரெண்டு பேர், அந்தப் பேட்டையில வயசான ஆளுங்க ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டு வர, அவங்க ரூமைக் காலி பண்றவங்க எல்லாத்தையும் தெருக் குப்பைத்தொட்டியில போடறதைப் பாத்தாங்க. சீனத் தொழிலாளிங்க வரவே கூடாதுன்னு அமெரிக்கா 1882-ல போட்ட சட்டம் 1943 வரைக்கும் இருந்துச்சு, பெரும்பாலும் ஆம்பளைங்க தனியா வந்து, பொண்டாட்டி புள்ளைங்களைக் கூப்பிட முடியாம, துணி வெளுத்தும் சமைச்சும் காலம் தள்ளி, தனியாவே செத்தவங்க. செத்தா சாமானை எடுத்துக்க யாரு வருவா? இவங்க ரெண்டு பேரும் குப்பைத்தொட்டிக்குள்ள இறங்கி, கடிதாசி, கடை போர்டு, சலவைக்கடை இஸ்திரிப் பெட்டின்னு பொறுக்கினாங்க. அந்த இஸ்திரிப் பெட்டி எட்டு பவுண்டு கனம், சலவைத் தொழிலையே எட்டு பவுண்டு பொழப்புன்னு சொல்வாங்களாம். அப்படி ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு அமெரிக்கச் சீனர் மியூசியம். இங்க சாமான் அத்தனையும் நூத்துக்கு நூறு ஒரிஜினல். ஆனா குப்பைத்தொட்டியில இருந்து எடுத்ததால பல சாமானுக்குச் சொந்தக்காரன் பேர் கிடையாது. நூறு கடிதாசி இருக்கும், "அன்புள்ள அம்மாவுக்கு"ன்னு ஆரம்பிக்கும், யாரோட அம்மான்னு சொல்ல ஆள் இருக்காது. ஆர்ச்சர்ட் தெருவுல பேர் இருக்கு, சாமான் இல்ல. இங்க சாமான் இருக்கு, பேர் இல்ல. என்னைக் கேட்டா பேர் இல்லாத சாமானை விட, சாமான் இல்லாத பேர்தான் மேல்னு சொல்வேன், எங்க டிபார்ட்மென்ட்லயே இதுக்கு எதிர்ப்பு இருக்கு.

2020 ஜனவரி 23, சீனப் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் முந்தி, மல்பெரி தெரு 70-ம் நம்பர்ல அவங்க ஆவணங்களை வச்சிருந்த கட்டடம் தீப்பிடிச்சுது. சுமார் 85,000 பொருள். எல்லாம் போச்சுன்னுதான் முதல்ல நினைச்சாங்க. தீ எரிச்சதை விட தீயணைக்க அடிச்ச தண்ணிதான் பயம், நனைஞ்ச காகிதம் ஒரு ரெண்டு நாள்ல பூஞ்சை பூத்துடும். வெளியே எடுத்து, உலர்த்தி, உறைய வச்சு, பெரும்பகுதியைக் காப்பாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடியே சுமார் 35,000 பொருளை ஸ்கேன் பண்ணி வச்சிருந்ததும் கைகொடுத்துச்சு. அந்த வாரம் நான் என் ஸ்டோர் ரூம்ல போயி, மேல போற தண்ணிக் குழாய்க்கு நேர் கீழ எந்த அலமாரி இருக்குன்னு பாத்தேன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கதான் இருந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா மாத்தினேன்.

தெரியாத பேரைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி கேப்டவுன்ல பாத்தேன். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்னு ஒரு பேட்டை, விடுதலையான அடிமைகளோட வாரிசு, கைவினைக்காரங்க, வியாபாரிங்க, பல தேசத்துல இருந்து வந்து குடியேறினவங்கன்னு கலந்து கட்டி இருந்த இடம். 1966-ல தென்னாப்பிரிக்க நிறவெறி அரசாங்கம் இது வெள்ளைக்காரங்க பகுதின்னு அறிவிச்சு, அப்புறம் பதினஞ்சு வருஷத்துல 60,000 பேரை வெளியேத்தி, வீட்டையெல்லாம் புல்டோசர் விட்டு இடிச்சுது. 1994-ல மியூசியம் ஆரம்பிச்சப்போ காட்டறதுக்கு பேட்டையே இல்ல. அதனால ஒரு பழைய சர்ச்சுக்குள்ள தரை முழுக்க அந்தப் பேட்டையோட மேப்பை விரிச்சாங்க. வந்தவங்க அது மேல நடந்து, குனிஞ்சு, இங்கதான் எங்க வீடுன்னு பேனாவுல பேரை எழுதினாங்க. பக்கத்துல நின்னவர், இல்லம்மா அது ரெண்டு வீடு தள்ளின்னு திருத்துவாரு. இடிக்கப் போன வேலையாட்களோட மேஸ்திரி, தெருப் பேர் போர்டுகளைத் தூக்கி எறியாம வீட்டுல பதுக்கி வச்சிருந்து, பின்னாடி எடுத்துக் குடுத்தாரு, அதையும் மாட்டியிருக்காங்க. இடிச்சவன் கையாலயே காப்பாத்தப்பட்ட போர்டு. அந்த மேப்பைப் பாத்ததுக்கு அப்புறம் எங்க மியூசியத்துலயும், தாள்ல "திருத்தம் சொன்னவர்"னு ஒரு வரி சேத்தேன்.

அந்த வரி எவ்ளோ முக்கியம்னு எனக்கே புரிஞ்சது ஒரு அஞ்சறைப் பெட்டியால. பழைய மளிகைக்கடைக் குடும்பம் ஒண்ணு குடுத்த மரப்பெட்டி, மூடி தேஞ்சு போயிருந்துச்சு. நான் பாத்த உடனே "அஞ்சறைப் பெட்டி, சமையலறை, மசாலா வைக்க"ன்னு எழுதி, நம்பர் போட்டு, அது அடுப்படி செட்டுல ஆறு வருஷம் கடுகு டப்பா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. ஒரு நாள் எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க பேத்தியோட வந்து அதைப் பாத்துச் சிரிச்சாங்க. "தம்பி, இதுல யாரும் சீரகம் போட்டதே இல்லப்பா, இது எங்க மாமா கடை கல்லாப்பெட்டி, ஒரு சென்ட்டு, அஞ்சு சென்ட்டு, பத்து சென்ட்டுன்னு பிரிச்சுப் போட்டு வைப்பாரு"ன்னாங்க. நான் போயி வெளிய எடுத்து மோந்து பாத்தேன், மஞ்சள் வாசனையே இல்ல, மரத்துலயும் மஞ்சள் கறை இல்ல, அடிப்பலகையில வட்ட வட்டமா தேஞ்ச தடம். அத்தனையும் முதல் நாளே என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. குடுத்த குடும்பத்துக்கிட்ட "இது என்னன்னு எனக்குத் தெரியும்"ங்கற மிதப்புல கேக்காம விட்டது நான். பாட்டி அன்னைக்கு வராம இருந்திருந்தா அது இன்னைக்கும் கடுகு டப்பாவாவே இருந்திருக்கும்.

சரி, உங்க தகரப்பெட்டிக்கு வருவோம். எடைக்குப் போடாதீங்க, அதான் முதல் பதில். ஆனா எந்த மியூசியமும் வாங்கிக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். லிட்டில் இந்தியாவுல கேம்பல் லேன்ல 2015-ல இருந்து இந்திய மரபுடைமை நிலையம் இருக்கு, சிங்கப்பூர் இந்தியர்கள் குடுத்த சாமான்கள் அங்க நிறைய. எழுதிக் கேட்டுப் பாருங்க. இதே மாதிரி பெட்டி பத்து ஏற்கெனவே இருந்தா பதினொண்ணாவதை எந்த மியூசியமும் யோசிச்சுத்தான் வாங்கும், இடப் பஞ்சம் எல்லாருக்கும் உண்டு. அதை அவமானமா எடுத்துக்காதீங்க. பெட்டியை வேண்டாம்னு சொல்ற இடம்கூட உள்ள இருக்கற கணக்குப் புஸ்தகம், ரசீது, கடிதாசி இதையெல்லாம் ஆசையா கேக்கும்.

அவங்களுக்கு எழுதறதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியது இருக்கு, அதுல முதல் வேலை, எதையும் சுத்தம் பண்ணாம இருக்கறது. நம்ம வீடுகள்ல யாராவது ஒரு அத்தை நல்ல எண்ணத்துல புளியைப் போட்டுத் தேய்ச்சு பித்தளையைப் பளபளன்னு ஆக்கிடுவாங்க, அதோட அம்பது வருஷ கைத்தடமும் போயிடும். பெட்டி மேல ஒட்டியிருக்கற கப்பல் லேபிள், சாக்பீஸ்ல எழுதின நம்பர், பெயிண்ட்ல எழுதின இனிஷியல் எதையும் துடைக்க வேண்டாம், அது எந்த வருஷம் எந்தத் துறைமுகம் வழியா போச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி. காகிதம் கிழிஞ்சிருந்தா செல்லோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகவே போகாதீங்க, அந்தச் சூட்டுல ஒட்டினதைத் திரும்ப எடுக்கவே முடியாது. பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டினா உள்ள ஈரம் தங்கிடும், ராமபாணப் பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. சுத்தமான பழைய காட்டன் வேட்டியில சுத்தி, தரையில வைக்காம, வெளிச் சுவரை ஒட்டாம, காத்தோட்டமான அலமாரியில வச்சாப் போதும். கணக்குப் புஸ்தகம் ஏற்கெனவே பூஞ்சை புடிச்சிருந்தாலோ, பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்தாலோ, பிரிக்க முயற்சி பண்ணாதீங்க. காகிதம் என் துறை இல்ல, அதுக்குன்னு படிச்ச ஆள்கிட்ட காட்டிட்டுத்தான் நானே தொடுவேன்.

பெட்டியைத் திறக்கற அன்னைக்கு, எந்த சாமான் எதுக்கு மேல இருக்கு எதுக்குள்ள இருக்குன்னு எடுக்கறதுக்கு முன்னாடியே போன்ல போட்டோ எடுங்க. அப்புறம் வீட்டுல இருக்கற பெரியவங்களை, பெரிய தாத்தாவைப் பாத்த கடைசி ஆள் யாரோ அவங்களை, பெட்டி பக்கத்துல உக்கார வச்சு ரெக்கார்ட் போடுங்க. "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு சொல்லுங்க"ன்னு கேட்டா, பேப்பர்ல படிச்சதைத்தான் சொல்வாங்க. சாமானை ஒவ்வொண்ணா கையில குடுங்க. இதை யார் கழுவுவா, எங்க மாட்டியிருக்கும், இதைத் தொட்டா யார் திட்டுவா, இதுல என்ன வாசனை வரும்னு கேளுங்க. கை ஞாபகம் வச்சிருக்கறதை வாய் மறந்திருக்கும், சாமானைக் கையில குடுத்தாத்தான் அது வரும். ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா யார் சரின்னு நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, ரெண்டையும் பேரோட எழுதி வையுங்க. எதுக்குன்னே தெரியாத சாமான் இருந்தா "தெரியவில்லை"ன்னே எழுதுங்க, என்னை மாதிரி அஞ்சறைப் பெட்டி ஆக்கிடாதீங்க. தாள்ல பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஈரம் பட்டா ஓடிடும்.

மியூசியத்துக்குக் குடுக்கறதா முடிவானா அவங்க ஒரு கொடைப் பத்திரம் நீட்டுவாங்க. அதுல கையெழுத்துப் போட்டா பெட்டி அவங்களோடது, வருஷம் முழுக்க காட்சிக்கு வைக்கணும்னு நீங்க கண்டிஷன் போட முடியாது, பெரும்பாலான சாமான் ஸ்டோர் ரூம்லதான் இருக்கும். அது மனசுக்கு ஒப்பலைன்னா இரவலா குடுக்கலாம், ஆனா எங்களை மாதிரி சின்ன மியூசியங்க நீண்ட கால இரவலை அவ்வளவா விரும்பறதில்ல. அண்ணன் தம்பி சித்தப்பா மகன்னு பங்காளிங்க எல்லார்கிட்டயும் முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுத்துல வாங்கிடுங்க. பெட்டி பரண்ல கிடக்கற வரைக்கும் யாருக்கும் வேண்டாம், மியூசியம் கேக்குதுன்னு தெரிஞ்ச மறுநாள் நாலு பேருக்கு அது மேல பாசம் வந்துடும்.

வீடு இடிக்கற தேதி எப்பன்னு நீங்க எழுதலை. பெட்டி எங்கயும் ஓடிடாது, நாளைக்குக்கூட இறக்கலாம். அதைத் தெரிஞ்ச பெரியவங்க யாராவது ஊர்ல இன்னும் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே போயிட்டு வந்துடுங்க.